சாமி தலையில் சின்னக் கிராணி

செலண்டாருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணியாக இருந்தது மலாயாவின் அவசரகாலத்தில். வேலை கணக்கு எழுதுவது. ஆசை மேடையில் பேசுவது. மலாக்கா நகரத்தில் கடை வீதியில் வளர்ந்தவன் ஆகையால் மரங்களைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கமே கிடையாது. அருகில் போய்ப் பார்த்தவனுக்கல்லவா தயக்கம் வரும்.

ஒரு பொங்கல் விழாவில் இலக்கியத்தில் இயற்கை என்று பேசினேன். குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து நிலத்துக்கும் மரம் உண்டு, பறவை உண்டு, தெய்வம் உண்டு. ஆறாவது நமது ரப்பர் நிலம். அதற்குத் தெய்வம் துரை, பறை விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி, பறவை கொசு என்றேன். சனம் சிரித்தது. அந்தத் தைரியத்தில் முடிவுரையை உருக்கமாக்கினேன். "மரம் நமக்குத் தங்கை. தங்கை மேல் கத்தி வைப்பவன் மனிதனா?"

கைதட்டல் வரவில்லை. எதிரே இருந்தவர்கள் எல்லாரும் பால்மரம் வெட்டுகிறவர்கள். விடிந்தால் ஆளுக்கு நூற்றுக்கணக்கான தங்கைகள் மேல் கத்தி வைத்தாக வேண்டும்.

முன்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். பால்வெட்டுப் பெண்களுக்கெல்லாம் வாய் அவர்தான். வேலை வாங்கும் தண்டல்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோபப்படுவார்.

"கிராணியாரே, அப்ப நாளைக்கு நாங்க வேலைக்குப் போவணுமா, வேணாமா?"

"போங்கக்கா. அது வந்து... இலக்கியம்."

"அப்பச் சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் மேலிடத்து உத்தரவு வந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துக் காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை நாங்கள் காட்டுக்காரர்கள் என்போம். அவர்கள் ஒளிந்து வர இடமிருக்கக் கூடாது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிய கம்பி வேலிக்கு வெளியே, சாலை வரைக்கும், செடி கொடி மரம் எல்லாவற்றையும் மழிக்க வேண்டும். அந்த இடத்தின் நடுவில்தான் ஆலமரமும் அதன் அடியில் சுருட்டும் கையுமாக முனீஸ்வரரும் இருந்தார்கள். பெருங்காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் இந்த ஒரு மரத்தை மட்டும் சாமிக்கென்று விட்டுவைத்தார்களாம். காய்ச்சல் வந்தால் முனி, பிள்ளை வரம் முனி, தண்டலோடு சண்டை என்றாலும் முனி.

அக்கா ஆபீஸ் சன்னலில் வந்து நின்றார்.

"மேடையில தங்கச்சின்னீங்க. தங்கச்சிய வெட்டப் போறாங்க. அண்ணன் என்னா செய்யப் போறீங்க?"

"அக்கா, அது இலக்கி..."

"தெரியும்லா. எங்களுக்கு அது சாமி. சாமி தொரைகிட்டப் பேசாது. நீங்க பேசுவீங்க."

போனேன். துரையிடம் ஆங்கிலத்தில் ஐந்து நிலங்களையும் விளக்கினேன். மூன்றாவது நிலத்திலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தி, சமையற்காரரிடம் கற்ற தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"மரம் இருக்கட்டும். மேலே ஆள். ஆள் வாயிலே விசில். பகல் பூரா பாக்கணும். ஆள் இல்லே, மரம் இல்லே. சனிக்கெழம நான் வந்து பாக்கறது."

லயமே மகிழ்ந்தது, யார் ஏறுவது என்ற கேள்வி வரும்வரை. ஊர்க்காவலில் இருந்த ஆண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி தலையில் காலை வைக்கவா? காவலுக்கு வந்திருந்த மலாய்க்காரத் தம்பி மரத்தை அண்ணாந்து பார்த்து, "டத்தோ மாரா லா" என்று துப்பாக்கியோடு பின்வாங்கினார். மரத்தில் குடியிருக்கும் காவல் ஆவியான டத்தோ கோபித்துக்கொள்வாராம். காட்டுக்காரர்களுக்குப் பயப்படாத இரண்டு மதமும் ஒரு மரத்துக்குப் பயந்தன.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாமின்னு கும்புடறவங்க ஏறக் கூடாது. தங்கச்சின்னு சொன்னவரு ஏறலாம். சின்னதுல தங்கச்சி தோள்ல அண்ணன் ஏறினதில்லையா?"

இலக்கியத்துக்கும் பக்திக்கும் இவ்வளவு தெளிவாக யாரும் எல்லை வகுத்து நான் கேட்டதில்லை. எதிர்வாதம் தோன்றுவதற்குள் ஏணி வந்துவிட்டது.

மேலே பலகை கட்டிக் கொடுத்திருந்தார்கள். கீழே நிலம் முடியிறக்கிய தலைபோலப் பளபளத்தது. அங்கே குடியிருந்த குருவி, மைனா, அணில், ஓணான் அத்தனையும் இந்த ஒரே மரத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. எங்களையும் அப்படித்தானே சிதறிய லயங்களிலிருந்து பெயர்த்து ஒரே கம்பிக்குள் அடைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சண்டை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஒரு கணம் மனம் நெகிழ்ந்தது. அந்தக் கணத்தில் ஒரு மைனா என் சட்டைமேல் தன் கருத்தைத் தெரிவித்தது.

சனிக்கிழமை துரை வந்தார். வேலி ஓரத்தில் தொழிலாளர்கள் கூடி நின்றார்கள். அக்கா கையில் சூடத்தை வைத்துக்கொண்டு, கொளுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தெரியுது?" என்றார் துரை கீழேயிருந்து.

பதில் சொல்ல வாயைத் திறக்கும் நேரத்தில்தான் முசுறு எறும்புகள் என் கால்சட்டைக்குள் குடியேறியிருந்தது தெரிந்தது. அவையும் இடம் பெயர்ந்தவை; கோபத்தில் இருந்தன. முதல் கடியில் பல்லைக் கடித்தேன். இரண்டாவது கடி விழுந்த இடத்தை எந்தத் திணையிலும் பாட முடியாது. அலறல் வெளியே வந்தபோது வாயில் விசில் இருந்தது.

தோட்டமே ஒடுங்கியது. வேலியின் வாசற்கதவு சாத்தப்பட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு லயத்துக்குள் ஓடினார்கள். மலாய்க்காரத் தம்பி தரையில் படுத்துச் சாலையைக் குறிபார்த்தார். துரை முனீஸ்வரருக்குப் பின்னால் பதுங்கினார். நான் மேலே கூத்தாடிக்கொண்டே ஊதினேன்; நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பட்டது.

காட்டுக்காரர் எவரும் வரவில்லை. துரை எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, மூடிய கதவையும் படுத்த காவலரையும் திருப்தியோடு பார்த்தார்.

"ரொம்ப நல்ல விசில்" என்றார். "மரம் இருக்கட்டும்."

அக்கா சூடத்தைக் கொளுத்தினார். யாருக்குக் காட்டினார் என்று மேலேயிருந்து சரியாகத் தெரியவில்லை, முனிக்குத்தான் இருக்கும்.

மறுநாள் ஆபீஸுக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். நான் நின்றுகொண்டே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி கடிச்சிட்டாளா?"

"இல்லக்கா. அவ வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க."

அடுத்த பொங்கலுக்கு 'ஆறு நம் அன்னை' என்று பேசப்போவதாக ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிராணியாரே, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

அந்தப் பொங்கலுக்குக் கரும்பைப் பற்றிப் பேசினேன். சுருக்கமாக.