முப்பத்தொரு இடத்தில் டகாவோ

போல்கடாங்கா ஊரில் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் சி மொழியில் நிரல் எழுதுகிறவள் அவின்போகா. ஃபிராஃபிரா இனத்துப் பெண், பிடிவாதக்காரி. எதிர்மேசையில் கம்பி பற்றவைக்கும் பயோர் டகாவோ இனத்தவன். இந்த இரண்டு இனத்தாரும் எவ்வளவு கேலி செய்துகொண்டாலும் கோபப்படக் கூடாது என்பது வழக்கம். அதனால் பயோர் வாய் திறந்தாலே கேலிதான் என்று அவள் காதில் வாங்குவதில்லை. வினையே அதில்தான் வந்தது.

சூடேற்றுவது, தண்ணீர் விடுவது, முட்டையைப் புரட்டுவது, மணியடிப்பது என்று பெட்டிக்கு நான்கு வேலைகள். நான்குக்கும் ஒரே உருவம்: சூட்டின் அளவையும் ஈரத்தின் அளவையும் வாங்கிக்கொள்ளும், எதையும் திருப்பித் தராது. நிரலின் ஒரு பகுதி இன்னொன்றுக்கு ஒரு வேலையைக் கைமாற்றும் இடத்திலெல்லாம் இந்த உருவத்தை நட்சத்திரமும் அடைப்புக்குறியுமாக முழு நீளத்துக்கு எழுதுவாள். அப்படி முப்பத்தொரு இடம்.

“நாய்த் தலை தின்னு தின்னு சொன்னதையே சொல்ற புத்தி வந்துடுச்சு உனக்கு. டைப்டெஃப்னு ஒரு வரி போட்டு அந்த உருவத்துக்கு ஒரு பேரு வையேன்” என்று பயோர் ஆறு மாதமாகச் சொல்லிவந்தான். ஃபிராஃபிராக்காரர்கள் நாய்த் தலை தின்பவர்கள் என்பது டகாவோக்களின் வாடிக்கைக் கேலி. நாய்த் தலையோடு வந்த யோசனையை யார் மதிப்பார்கள்?

ஒருநாள் காலை முதலாளி ஹாஜியா மெமுனா வந்தார். மத்தியானம் முந்நூறு கினிக்கோழி முட்டை வருகிறதாம். கோழி முட்டைக்கு ஒரு சூடு, இதற்கு வேறு சூடாம்; அதனால் எந்தப் பறவை என்பதையும் நான்கு வேலைகளுக்கும் சொல்லியாக வேண்டுமாம்.

“முடியலேன்னா இப்பவே சொல்லிடும்மா. அவிச்சு விக்கிறவகிட்ட குடுத்துடறேன்.”

தன் உழைப்பை ஊரே மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்னப்போகிறது என்று அவின்போகா பதறினாள். ஒவ்வோர் இடமாகத் திருத்தினாள். பன்னிரண்டாவது இடத்தில் ஓர் அடைப்புக்குறி தொலைந்தது. திரை முழுக்கப் பிழை. பதினொரு மணிக்கு எழுந்து பயோரிடம் போனாள்.

“அந்த நாய்த் தலைப் பேச்சை இன்னொரு தடவ சொல்லு.”

அவன் ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னான். இம்முறை பின்பாதியும் அவள் காதில் விழுந்தது.

உருவத்துக்கு ஒரு பெயர் வைத்து, முப்பத்தொரு இடத்திலும் அந்தப் பெயரைப் போட்டாள். பறவையை அந்த ஒரே வரியில் சேர்த்தாள். நான்கு வேலைகளையும், அவற்றை அழைக்கும் இடத்தையும் மட்டும் தனியாகத் திருத்தினாள். முட்டைகள் சந்தைக்குப் போகாமல் பெட்டிக்குள் போயின.

பயோர் திரையை எட்டிப்பார்த்தான். அந்தப் பெயர் ‘டகாவோ’.

“எல்லாத்தயும் வாங்கிக்கும், எதையும் திருப்பித் தராது. பொருத்தமாத்தானே இருக்கு?” என்றாள்.

கோபப்படவும் வழியில்லை. அவள் சாப்பிடப் போனதும், ஒரே வரிதானே என்று உட்கார்ந்து அந்த வரியில் பெயரை மாற்றினான். டகாவோவைத் தெரியவில்லை, டகாவோவைத் தெரியவில்லை என்று திரை முப்பத்தொரு தடவை புலம்பியது.

பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டு, கம்பி பற்றவைக்கப் போனான்.