துரை வந்தால் கூட்டுவது போல

எண்பதுகளில் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய் இருந்தது. பேருக்குத்தான் கால்வாய், தண்ணீர் நகராது. கொசு மட்டும் குறைவில்லாமல் பெருகியது. பக்கத்து வீட்டுப் பையன் டிங்கிக் காய்ச்சலில் போன பிறகு, என் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே இரவெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கால்வாயை உடைத்துக் கட்டச் சொல்லி தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் கேட்டோம். கால்வாய் வெளிச்சாலையில் போய்ச் சேர்கிறது, அது மாவட்ட மன்றத்தின் வேலை என்றார். மன்றத்தில் கேட்டால், தோட்டம் தனியார் நிலம், எங்கள் குப்பை லோரியே உள்ளே வராது என்றார்கள். பட்டணத்து வீடுகளும் கடைகளும் கட்டுகிற வரியில் பட்டணத்துக்குத்தான் விளக்கும் சாலையும். ஓட்டுப் போட்டு ஆளை மாற்றலாம் என்றால், மன்ற உறுப்பினர்களை நியமிப்பதே மாநில அரசு. பிடித்து உலுக்க எங்கள் கையில் ஒரு குடுமியும் இல்லை.

நடையாய் நடந்ததில் ஓர் உறுப்பினர் மனமிரங்கினார். பட்டணத்தில் கடை வைத்திருந்த தமிழர். மன்றத்து அதிகாரியை அழைத்து வருகிறேன், அவர் நிலைமையைக் கண்ணால் பார்த்தால் அடுத்த ஆண்டுச் செலவில் சேர்த்துவிடலாம் என்றார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை, எங்களை வேலை வாங்கும் மண்டோர் லயத்துக்கு வந்தார். "நாளைக்குப் பெரிய ஆளு வர்றாரு. மானம் போயிரக் கூடாதுலா."

தோட்டத்து மேலாளரான துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் கூட்டிப் பெருக்கியே பழகியவர்கள் நாங்கள். அழுக்கைக் கண்டால் ஏச்சு விழும். பெண்கள் எல்லோரும் கால்வாயில் இறங்கிச் சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கரையில் போட்டோம். ஓரமெல்லாம் சுண்ணாம்பு தெளித்தோம்.

அதிகாரி வந்தார், பார்த்தார். "பெர்சே லா," என்று மலாயில் மெச்சினார். சுத்தமாக இருக்கிறதாம்! உறுப்பினருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இதுக்கா அக்கா இவ்வளவு அலைஞ்சீங்க?"

"மழை பெஞ்சா வந்து பாருங்கையா," என்றேன்.

"பாப்போம்லா," என்றார் உறுப்பினர்.

கோப்பி குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். மழை வந்தது, அவர்கள் வரவில்லை. கரையில் போட்ட சேறு மறுபடி கால்வாய்க்குள்ளேயே சரிந்தது. அந்த மாதமே என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து லோரியில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அதே லோரியில்தான் அவளைத் திரும்பக் கொண்டு வந்தோம்.

அவள் காரியம் முடிந்த சில நாளில் லயத்துக்குக் கொசுப் புகையடிக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். முந்தின மாலை மண்டோர் என் வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் கூட்டிருங்க."

துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன்.