மானுக்காகக் கொண்டுபோன ஐஸ்

போன வருடக் கோடையில், ஒரு சனிக்கிழமை நடந்தது இது. நாங்கள் இருப்பது மெல்பேர்னில், கிரெய்கிபர்னில். அங்கிருந்து வடக்கே போனால் மலையடியில் ஒரு பிளம்ஸ் தோட்டம் இருக்கிறது. காட்டு மான்கள் இறங்கி வந்து இளமரங்களை நாசமாக்குவதால், லைசன்ஸ் உள்ளவர்களைச் சுட வரச்சொல்வார் தோட்டக்காரர். என் கணவரும் அவரோடு வேலை செய்யும் தம்பி ஒருவரும் அப்படித்தான் போகத் தொடங்கினார்கள். வெயிலில் மலைப்புல் காய்ந்தால் மான் பழத்தைத் தேடி வரும். அதற்காகவே கடைசி வரிசையில் விழுந்த பழங்களைப் பொறுக்காமல் விட்டிருந்தார்கள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வீட்டில் இருந்து யோசித்துச் சாவதைவிடக் கூடப் போகலாம் என்று நானும் போவேன். அன்று வெயில் கொளுத்தியது. இறைச்சி பழுதாகிவிடுமே என்று, வீட்டிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களில் எல்லாம் தண்ணீர் ஊற்றி உறையவைத்துப் பெட்டி நிறைய அடுக்கியிருந்தேன். தம்பி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, மான் சுடப் போறமோ, மீன்கடை போடப் போறமோ?"

இருவரும் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் பதுங்கினார்கள். நான் கொடுத்த தண்ணீர்ப் போத்தலைக் கணவர் வாங்கவில்லை.

"தண்ணி குடிச்சா இடையில எழும்பவேணும். மான் ஓடியிடும்."

நான் தள்ளி, வேனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கணவரின் தலை சரிவதும் நிமிர்வதுமாக இருந்தது. போய்ப் பார்ப்பதா? போனால் மான் வராது. ஒன்றுமில்லை என்றால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். மனம் கேட்கவில்லை, போனேன். தம்பி கையால் விரட்டினார். கணவர் என்னைப் பார்த்து,

"பிள்ளையப் பள்ளிக்கூடத்தால கூட்டி வந்திட்டியோ?" என்றார்.

எங்கள் பிள்ளைக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. அவர் முகம் அடுப்பாய்ச் சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை.

முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை எனக்கு. அங்கே முதலுதவி வகுப்பு வைத்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். இங்கிலிஷில் சொன்னது பாதிதான் விளங்கியது. ஆனால் வெயில் தாக்கியவருக்கு ஐஸ் வைக்கும் இடங்களைக் காட்டிய படங்களைக் கண் எடுக்காமல் பார்த்திருந்தேன். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு.

"தம்பி, துவக்கில குண்டைக் கழட்டிப்போட்டு ஓடுங்கோ. இங்க போன் வேலை செய்யாது, தோட்டக்காரரிட்டச் சொல்லி அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ."

"களைப்புத்தான் அக்கா. கொஞ்சம் இருந்தா சரியாகும்."

"ஓடுங்கோ எண்டுறன்."

என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம். தம்பி ஓடினார். கணவரை நிழலுக்கு இழுத்து, தடித்த சட்டையைக் கழற்றி, வேனிலிருந்து ஐஸ் பெட்டியையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தண்ணீர் முழுவதையும் மேலே ஊற்றினேன். ஐஸைத் துணியில் சுற்றி, படத்தில் பார்த்த இடங்களில் வைத்தேன். பெட்டி மூடியால் விசிறியபடி நிமிர்ந்தால், கடைசி வரிசையில் மான்கள். எங்களைப் பார்த்தபடியே ஆற அமரப் பழம் தின்றன.

அம்புலன்ஸில் வந்த பெண், செய்யவேண்டியதெல்லாம் நான் செய்துவிட்டதாகச் சொன்னாள். அது எனக்கு முழுவதும் விளங்கியது. கணவர் சில நாளில் வீட்டுக்கு வந்தார்.

இப்போது வேட்டைக்குப் புறப்படுமுன், "அக்கா, மீன்கடைச் சாமான் ஏத்தியாச்சோ?" என்று தம்பிதான் முதலில் கேட்கிறார். பயந்தாங்கொள்ளி என்று யாராவது என்னைச் சொன்னால் இப்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. அன்று ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தப் பயம்தானே.