கண்ணாடிக்காரர் சொன்ன மாத்திரை

அவர் பெயின்ட் அடித்த கார் கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அதனால்தான் பட்டறையில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மற்றவர்கள் மூன்று பூச்சு பூசியும் வராத வழவழப்பு இவர் கையில் இரண்டே பூச்சில் வந்துவிடும். கைக்கு இருந்த புத்தியில் பாதி மூக்குக்கு இருந்திருக்கலாம். இல்லை. ஸ்பிரே கன்னோடு பெயின்ட் அறைக்குள் நுழைந்தால் முகத்தில் ஒரு கைக்குட்டை, அதுவும் முதலாளி எட்டிப் பார்க்கும்போது மட்டும். முகமூடி வாங்கிக் கொடுத்தார்கள். வேர்க்கிறது என்று ஆணியில் மாட்டிவிட்டார். இத்தனை வருஷம் பெயின்டில் கலக்கும் தின்னர் வாடையைக் குடித்த நெஞ்சு சும்மா விடுமா?

ஐம்பதைத் தாண்டியதும் இழுப்பு வந்தது. மாடிப்படியில் பாதி தூரம் ஏறி, ஏதோ மறந்துவிட்டவர் போல நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பார். உண்மையில் மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்பது வீட்டுக்காரிக்குத் தெரியும். அவள்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தாள். மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன, அடியோடு தீர்கிற நோய் இல்லை, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டர். முதலில் பெயின்ட் அறையை விட வேண்டும். உடம்பு இளைத்துக் கிடக்கிறது, ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு, அதற்குச் சத்து மாத்திரையும் புரோட்டீன் மாவும். அவற்றோடு ஓர் இன்ஹேலர்.

“இதுதான் முக்கியம். இதை எப்படி அடிச்சு இழுக்கணும்னா...”

“ஸ்பிரே அடிக்கிறதை எனக்கே சொல்லித் தர்றீங்களா சார்?”

டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொழில் சுத்தமாக ஆரம்பித்தார். ஸ்பிரே கன்னில் முதல் வீச்சு திட்டுத்திட்டாக விழும், அதை ஓரமாகக் காற்றில் விட்டுவிட வேண்டும். பிறகு ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், கிட்டே பிடித்தால் பெயின்ட் வழிந்துவிடும். மணிக்கட்டு ஒரே இடத்தில் நிற்கவே கூடாது. அவருக்குத் தெரிந்த வேதம் இது. அதன்படியே இன்ஹேலரின் முதல் வீச்சைச் சுவருக்குக் கொடுத்தார். வாயை ஆவென்று திறந்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடமிருந்து வலமாக ஒரு வீசு வீசினார். மருந்தில் பாதி மீசைக்கும் மீதி ஜன்னலுக்கும் போய்ச் சேர்ந்தது. நாக்கு லேசாகக் கசந்ததுதான் மிச்சம்.

“என்னங்க, கொசு மருந்து அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க?” என்றாள் வீட்டுக்காரி.

“ஸ்பிரே கன்னைப் பிடிச்ச கை இது. நீ போய் வேலையைப் பாரு.”

சில வாரம் அப்படியே அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்று என்று தீர்ப்பு எழுதி, அதை அலமாரியின் மூலையில் தள்ளிவிட்டார்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் சாமி கும்பிடுகிற பக்தி. காலையில் வைட்டமின், மத்தியானம் யாரோ சொன்ன மீன் எண்ணெய்க் குளிகை, ராத்திரி பாலில் புரோட்டீன் மாவு, நடுவில் முட்டை. பெயின்ட் அறையை விட்டு வெளியே வந்து, வாசலில் வண்டிகளுக்கு வேலை மதிப்பிட்டுச் சொல்கிற உத்தியோகத்துக்கு மாறியிருந்தார். சதை பிடித்தது. முகத்தில் களை வந்தது. படியில் நிற்பது குறைந்தது. விஷப்புகையை விட்டதும், ஒழுங்காகச் சாப்பிட்டதும், குறைந்திருந்த சத்து நிரம்பியதும் சேர்ந்து செய்த வேலை அது. அவரோ அத்தனை புண்ணியத்தையும் மாத்திரை டப்பா ஒன்றுக்கே எழுதி வைத்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! இருமினவனையெல்லாம் நிறுத்தி மாத்திரை பெயர் சொல்லுகிற அரை வைத்தியராகவும் ஆகிவிட்டார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். டிங்கருக்கும் அதே நோய் வந்தது.

டிங்கர் என்றால் நசுங்கின தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறவர். பெயின்ட் அறையை ஒட்டித்தான் அவர் இடம். இருவரும் ஒரே வருஷம் பட்டறையில் சேர்ந்தவர்கள். டிங்கர் விட்ட சின்னச் சின்னப் பள்ளங்களைக் கண்ணாடிக்காரர் பட்டி பூசி மூடுவார், யாரிடமும் மூச்சு விட மாட்டார். அந்த நன்றி டிங்கருக்கு எப்போதும் உண்டு. கல்யாணத்துக்குச் சட்டை எடுப்பதிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது வரை இவரைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார்.

டிங்கருக்கும் டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருந்தார். அவருக்கு ஸ்பிரே தொழில் தெரியாது. அதனால் சொன்னபடி வாயில் கவ்வி, சொன்னபடி இழுத்தார். இழுப்பும் கட்டுக்குள் வந்தது. ஆனாலும் வழக்கம்போல நண்பரிடம் வந்து யோசனை கேட்டார்.

“மாப்ளே, இதை ஆயுசுக்கும் அடிக்கணுமாம்டா. என்ன பண்ணட்டும்?”

“தூக்கிப் போடு. பழகிட்டா விடாது. நானும் அடிச்சுப் பார்த்தவன்தானே? வெறும் காத்து. என்னைப் பாரு, மாத்திரையிலயே எப்படித் தேறி வந்திருக்கேன்!”

டிங்கர் மாத்திரைகளின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார். இன்ஹேலரை அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு கண்ணாடிக்காரர் வழக்கமான பரிசோதனைக்குப் போனார். புதிதாக வந்திருந்த நர்ஸம்மா ஒவ்வொருவரையும் இன்ஹேலர் அடித்துக் காட்டச் சொன்னாள். அலமாரியிலிருந்து தேடி எடுத்து வந்திருந்த இன்ஹேலரோடு இவரும் கெத்தாக எழுந்து, ஓரமாக ஒரு வீச்சு விட்டு, ஒரு சாண் தள்ளி வீசிக் காட்டினார். வரிசையில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“ஐயா, இத்தனை நாளும் இப்படித்தான் அடிச்சீங்களா?”

“அடிச்ச வரைக்கும் இப்படித்தான். ஏன்?”

“மருந்து ஒரு சொட்டு கூட உள்ள போயிருக்காதே!”

வாயில் கவ்வ வைத்தாள். மூச்சை மெல்ல இழுக்கும்போதே அழுத்தச் சொன்னாள். அடக்கி வைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது தளர்ந்தது. சத்து மாத்திரையை விட வேண்டாம், அது உடம்புக்குத் தெம்பு, மூச்சுக்குழாயைத் திறப்பது இதுதான் என்றாள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நிற்காமல் நடந்தார். சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்கு அங்கே நின்றபோது டிங்கரின் நினைப்பு வந்தது. வெறும் காற்று என்று டிங்கரிடம் அடித்துச் சொன்னோமே, ஒரு தடவையாவது அந்த மருந்தை நாம் ஒழுங்காக உள்ளே இழுத்துப் பார்த்தோமா?

நேராகப் பட்டறைக்குத்தான் போனார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாடா, டாக்டரையே தோற்கடிச்ச ஆளு!” என்று டிங்கர் இடம் விட்டார்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடிக்காரருக்கே ஸ்பிரே பிடிக்கத் தெரியவில்லையாம் என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும், சாகிற வரைக்கும் ஓட்டுவார்கள். தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று டீயைக் குடித்தார். தனியாகப் பார்த்த நாளில் டிங்கர் குஷியாக இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. இன்னொரு நாள் டிங்கர் இருமியபோது வாயெடுத்தார். “இன்னைக்குக் குளிகையை லேட்டாப் போட்டேன் மாப்ளே, அதான்” என்று டிங்கரே காரணம் சொல்லிவிட்டார். இவரும் தலையாட்டினார். இதற்குப் பெயர் வெட்கம் என்றால் அந்த வெட்கத்தைக் கொண்டுபோய் உடைப்பில்தான் போட வேண்டும்.

மழை பிடித்தது. டிங்கருக்குச் சளி கட்டியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்ணாடிக்காரர் ஓடினார். கட்டிலில் டிங்கர் பிராணவாயுக் குழாயோடு சாய்ந்திருந்தார். பேச முடியவில்லை. இவரைக் கண்டதும் கண் மலர்ந்தது. விரலை நீட்டிக் கட்டிலடியில் இருந்த பையைக் காட்டினார். உள்ளே மாத்திரை டப்பாக்கள். ஆஸ்பத்திரிக்கும் மறக்காமல் எடுத்து வந்திருக்கிறாராம். கண்ணாடிக்காரர் பையை மூடிக் கட்டிலடியில் தள்ளினார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் டிங்கர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு, அவர் டிங்கரின் வீட்டுக்குப் போனார். டிங்கரின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“கடைசி வரைக்கும் நீங்க சொன்னதைத் தட்டவே இல்லைண்ணே. ஒரு வேளை கூட மாத்திரையை விட்டதில்லை. அவருக்கு நீங்கன்னா உசுரு.”

அவர் தரையைப் பார்த்தார்.

“என் தம்பிக்கும் இப்போ இழுக்குதுண்ணே. ஏதோ வாயில அடிக்கிற பஃப் குடுத்திருக்காங்களாம். அதெல்லாம் வேண்டாம், எங்க அண்ணன்கிட்ட மாத்திரை பேரு கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயையோ, வேண்டாம்மா! அந்தப் பஃப்பை விடவே கூடாது. மாத்திரை சாப்பிட்டா சாப்பிடட்டும், ஆனா பஃப்பை விடக் கூடாது. நான் சொன்னது தப்பு. எனக்கு அதை அடிக்கவே தெரியலை. தெரியாமலே உன் வீட்டுக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சதுண்ணே?”

நேற்றுத்தான் என்று ஒரு பொய் நுனி நாக்கு வரை வந்தது. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

“மழைக்கு முன்னாடியேம்மா.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவும் இல்லை.

“மழைக்கு முன்னாடி அவரு நடந்தேதானேண்ணே வேலைக்குப் போயிட்டு வந்தாரு.”