அரசலாற்றங்கரைச் சாய்தளம்

என் அண்ணனின் சக்கர நாற்காலி அரசலாற்றை நோக்கி உருண்டதற்குக் காரணம் நானே. அதன் தடைப்பிடியை விடுவித்தவை என் கைகள். அவருடைய மறதியன்று! இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணன் காரைக்கால்மேட்டுக் கடலோடி. விசைப்படகின் தளத்தில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தபின், இரு கால்களும் உணர்விழந்தன. ஆயினும் அவர் வீட்டில் முடங்கவில்லை. விடியலில் தாமே சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு மீன் ஏலத்துக்குச் செல்வார், விலை கேட்பார், வம்பளப்பார். துணைக்கு எவரும் வரலாகாது.

படகில் அவர் கற்ற ஒழுங்கு ஒன்றுண்டு. கயிற்றைக் கட்டியவன் "கட்டியாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவிழ்ப்பவன் அவனிடம் கூறிவிட்டே அதைத் தொட வேண்டும். நாற்காலிக்கும் அதுவே சட்டம். நிறுத்திய இடத்தில் சக்கரம் உருளாதபடி தடைப்பிடியைத் தாமே அழுத்தி, "போட்டாச்சு" என்பார். பள்ளி ஆசிரியனானாலும் அதே வீட்டில் பிறந்த எனக்கு அச்சட்டம் தெரியாதா?

அன்று ஞாயிறு. ஆற்றங்கரை நடைபாதையில் படிகள் இல்லை; நாற்காலி எளிதாக ஏறும்; நீர்விளிம்பு வரை சாய்தளம் இறங்கும். ஒரு மாலைப்பொழுதேனும் அவர் அங்கு இளைப்பாற வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

"வாத்தியாரே, மெதுவா தள்ளுங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள வெரட்டுற மாதிரி வெரட்டாதீங்க!"

"சும்மா வாங்கண்ணே. நீங்க படகு ஓட்டுன வேகத்துக்கு இது சாமி ஊர்வலம்."

கரைமேட்டில் நிறுத்தினோம். "போட்டாச்சு" என்றார். சுண்டல் தின்றோம். கழிமுகக் காற்றில் சற்றைக்கெல்லாம் உறங்கிப்போனார்.

வெயில் அவர் முகத்தில் விழுந்தது… எழுப்ப மனம் வரவில்லை. ஓசையின்றித் தடைப்பிடியை விடுவித்து, நாற்காலியை நாலடி தள்ளியிருந்த புங்கமரத்தடிக்கு நகர்த்தினேன். அந்நிழல் சாய்தளத்தின் தொடக்கத்தில் இருந்தது. அப்போது கைப்பேசி ஒலித்தது. பேசியவாறே விலகி நடந்தேன். தடைப்பிடியை மீண்டும் அழுத்தவில்லை!

உறக்கத்தில் அவர் அசைந்தாரோ, காற்றுத்தான் தள்ளியதோ… அலறல் கேட்டுத் திரும்பினேன். நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது. தூண்டிலிட்டுக்கொண்டிருந்த இருவர் பாய்ந்து மறித்தனர், அது கவிழ்ந்தது. ஆற்று நீர் அவர் பாதங்களை நனைத்தது. அதை அவர் உணரவில்லை. கண்ணால் பார்த்தே அறிந்தார்.

முழங்கையில் குருதி வழிந்தது. அதைப் பொருட்படுத்தாமல் என்னை நோக்கினார்.

"போட்டாச்சுன்னு சொன்னேனே தம்பி… சொல்லிட்டுப் போடாம விட்டுட்டனா? நீ பாத்தியா?"

ஒரு சொல் போதும். ஒரே சொல்!

"நான் கவனிக்கலண்ணே."

ஏன் அவ்வாறு சொன்னேன்? அச்சமா? சூழ்ந்து நின்றவர்கள் முன் தோன்றிய வெட்கமா? காயம் ஆறட்டும், சொல்லிவிடலாம் என்று எண்ணினேன். காயம் ஆறியது. நான் சொல்லவில்லை.

இப்போது அவர் ஏலத்துக்குப் போவதில்லை. சக்கரத்தின்மேல் வைத்த கையைத் தாமே எடுத்துவிடுகிறார். அண்ணியிடம் ஓயாமல் கேட்கிறார்.

"மாத்திரை தின்னேனா?"

"இப்பத்தானே தின்னீங்க!"

"கேட்டைச் சாத்துனனா?"

அண்ணி சலித்துக்கொள்கிறார், பிறகு அடுக்களையில் நின்று அழுகிறார். பழுதற்ற நினைவுடைய ஒருவர் தம் நினைவையே ஐயுறுகிறார்… அந்த ஐயமே முற்றி மெய்யான மறதியாகிவிடுமோ? சென்ற வாரம் என் மகளின் பெயரைச் சொல்லத் தடுமாறினார். அது முதுமையா? நான் ஊட்டிய நஞ்சா? இரவெல்லாம் இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சினந்தால் தாங்குவேன், அடித்தாலும் தாங்குவேன். ஆனால், "இத்தனை நாளா நான் தவிக்கிறதைப் பாத்துக்கிட்டா இருந்தே?" என்று கேட்டால்…?

நாளை அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம், மறதிக்கு மருந்து கேட்பதற்காக! இன்று மாலை அண்ணி அவரிடம் கேட்டார்:

"எப்பலேர்ந்து இப்புடின்னு டாக்டரு கேட்டா என்னங்க சொல்றது?"

அண்ணன் என் பக்கம் கை காட்டினார்.

"அன்னைக்கு ஆத்தங்கரையில தம்பிதானே கூட இருந்தான். அவன் சொல்லுவான்."

நான் தலையசைத்துவிட்டு வந்திருக்கிறேன்.