லேசர், எலும்புத் தூள், ஒரு குழல் புட்டு: நாகர்கோவிலில் ஈறு சிகிச்சை

நான் மதுரையில் ஒரு தேவாலய பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவன். ட்ரம்பெட் ஊத, மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும். சென்ற ஜனவரியில் என்னுடையவை ஆட ஆரம்பித்தன. ஈறுநோய், உள்ளே எலும்பு கரைந்துவிட்டது என்றார்கள். பல் போனால் ஊதுவதும் போச்சு. சிகிச்சைக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் அண்ணன் வீடு இருக்கும், நாகர்கோவில் பக்கத்துச் சொந்த ஊரான இரணியலுக்கே கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை ஐந்து மணி பேருந்து. சுமார் 245 கிலோமீட்டர், பத்தரைக்கு நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம். காய்கறி மூட்டைகளைத் தாண்டி ஆட்டோ பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. பல் ஆஸ்பத்திரி என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“பிடுங்கவா மக்கா?”

“இல்லண்ணே, லேசர் வைக்க.”

“அப்போ கத்தி இல்ல. நல்லதாப் போச்சு.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இணையத்தில் பார்த்த விளம்பரங்கள் செய்த வேலை. ஈறு மருத்துவர் ஒரே நிமிடத்தில் அதை உடைத்தார். “லேசர் கிருமியக் குறைக்கும், ரத்தம் கொஞ்சமா வரும். போன எலும்ப அது கொண்டு வராது, கேட்டியளா. அதுக்கு ஈறைத் திறந்து சுத்தம் செஞ்சு, குழியில எலும்புத் தூள் வைக்கணும். அப்பவும் முழுசா நிரம்பும்னு நான் வாக்குத் தர மாட்டேன்.”

வாக்குத் தராத டாக்டரை எனக்குப் பிடித்துவிட்டது. முதலில் வேர்வரை சுத்தம் செய்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி வந்து அறுவை சிகிச்சை. மரத்துப்போகும் ஊசிதான் வலித்தது. லேசரில் ஒரு கருகல் வாடை, அவ்வளவுதான். பிறகு வெள்ளைத் தூளை வைத்து, மேலே மெல்லிய சவ்வு போட்டுத் தைத்தார்கள். அங்கே பிரஷ் படக்கூடாது, பலமாகக் கொப்பளிக்கக்கூடாது, மெல்லத் தேவையில்லாத மெதுவான சாப்பாடு, ஆறு மாதம் ட்ரம்பெட்டைத் தொடக்கூடாது.

அந்த ‘மெதுவான சாப்பாட்டில்’தான் விழுந்தோம். இரண்டு நாள் ஆறிய கஞ்சி குடித்து எனக்கு வெறுத்துவிட்டது. மூன்றாம் நாள் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, ஆவி பறக்கப் புட்டும் பழமும் கொண்டுவந்தார். “புட்ட விட மெதுவா என்னவுண்டு? தின்னு மக்கா.” எங்கள் ஊரில் யார்தான் மறுப்பார்கள்? ஒரு குழல் முழுவதையும் முடித்தேன். சாயங்காலம் உதடு வீங்கி, தையலோரம் ரத்தம் கசிந்தது.

மறுநாள் மருத்துவர் தையலைத் திறந்து கழுவியபோது புட்டுத் துகள் வந்தது. கூடவே வலது பல்லில் வைத்த தூளில் பாதியும். “அவிச்சதுதான், ஆனா உதிருமே,” என்றார். மறுபடி வைக்க இப்போது வழியில்லை, புண் ஆறட்டும் என்றார். வீடு வந்ததும் மைனி புட்டுக் குழலைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பல் போய்விடும் என்றே நம்பினேன்.

இதே சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு: லேசர் மட்டும் போதுமா என்று எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு கேளுங்கள். சர்க்கரை இருந்தால் முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகை பிடித்தால் விடுங்கள். மெதுவான சாப்பாடு என்றால் உதிராத சாப்பாடு: குழைந்த கஞ்சி, ஆறிய இடியாப்பம் பாலில். வடசேரியிலிருந்து இரணியல் பக்கம் பேருந்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அறுவை சிகிச்சை அன்று ஆட்டோவே நல்லது.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் இடது பக்கம் நன்றாக நிரம்பியிருந்தது. வலது பக்கம் பாதிதான். “ஊதிப் பாருங்க, மெதுவா. ஆடினா நிறுத்திடுங்க,” என்றார் மருத்துவர்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக் கொல்லையில் நின்று ஒரு சுரம் ஊதினேன். நிறுத்திவிட்டு, வலது பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தேன். அடுக்களை வாசலில் மைனி, முந்தானையைக் கையில் முறுக்கியபடி நின்றிருந்தார்.

“ஆடுதா மக்கா?”

“இல்ல மைனி.”

“பின்ன எதுக்கு நிறுத்துன? ஊது.”