வலது மோட்டாரின் சத்தம்

அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் நடப்பார். எதிரே திரையில் ஒரு பொம்மை மனிதன் பூங்காவில் நடந்துகொண்டிருப்பான். அவனைப் பார்த்து நடந்தால் உற்சாகம் வரும் என்பது மருத்துவமனையின் எண்ணம். லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குக் கண் தேவையில்லை, காது போதும்.

வலது பக்கத்தில் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். மேலே இருந்து இறங்கும் பட்டை அவர் உடம்பைப் பாதி தூக்கிப் பிடித்திருக்கும். இரண்டு கால்களோடும் இயந்திரக் கால்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கீழே பெல்ட் ஓட ஓட, அவைதான் அவர் முழங்காலை மடக்கி நீட்டும்.

"முப்பது வருஷம் ஊரையே ஏத்தி இறக்கினவன். இப்ப என்னையே தொங்கவிட்டு வேடிக்க பாக்குறீங்க," என்பார். வாயின் வலது ஓரம் இன்னும் சரியாகக் கூடவில்லை. பேச்சு கொஞ்சம் குழறும். பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்துவிடுவாள்.

காலி லிஃப்டும் ஆள் நிறைந்த லிஃப்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அவருடைய தம்பிக்கும் அதே தொழில், அதே காது. மோட்டாரைக் கழற்றாமலேயே அண்ணனும் தம்பியும் பழுதைச் சொல்லிவிடுவார்கள். இங்கே இடது இயந்திரக் காலின் மோட்டார் காலி லிஃப்டைப் போல லேசாக ஓடுகிறது. வலது மோட்டார் முக்கி முனகுகிறது. கால் தானாகக் கொஞ்சம் உதவினாலும் அந்த முனகல் குறையவேண்டும். எட்டு வாரமாகக் குறையவில்லை.

"இன்னிக்கு எண்ணூத்திப் பத்து ஸ்டெப் ஐயா, சூப்பர்."

"மிஷின்கிட்ட சொல்லும்மா. அதுதானே நடந்துச்சு."

பயிற்சி முடிந்ததும் ஐந்து முகங்கள் வரைந்த ஓர் அட்டையை நீட்டுவாள். இந்த வாரம் மனசு எப்படி இருந்தது? முதல் வாரம் அவர் அழுகிற முகத்தைத் தொட்டார். உடனே அவர் மனைவியைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் அரைமணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. அதிலிருந்து, பார்க்காமலேயே சிரிக்கிற முகத்தில் விரலை வைத்துவிடுகிறார். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். யார் வந்தாலும் தூங்குவதுபோல் இருந்துவிடுகிறார்.

தம்பி வேலை பார்ப்பது வேறு ஊரில். தினமும் போன் செய்கிறார். "அண்ணே, உங்க டூல் பைய எங்கிட்டதான் வெச்சிருக்கேன், யாரையும் தொடவிடல. நீங்க வந்துதான் எடுக்கணும்."

காப்பீட்டில் அனுமதித்த பயிற்சிகள் நேற்றோடு முடிந்தன. இனி வீட்டில் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று பழகவேண்டியதுதான். நேற்றைய கடைசி நடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் தம்பி.

"ஏங்க, கண்ணத் தொறந்து கொஞ்சம் சிரிங்களேன். உங்க தம்பி பாப்பாருல்ல," என்றாள் மனைவி, போனைப் பிடித்தபடி. அவர் கண்ணைத் திறந்தார். சிரிக்கவும் செய்தார். காது மட்டும் வலது பக்கமே இருந்தது.

கட்டுகளை அவிழ்த்து அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போனை வாங்கினார். வீடியோவை ஓடவிட்டு, பார்க்காமல், காதில் வைத்துக்கொண்டார். முழுவதும் கேட்டார். மறுபடி ஒருமுறை கேட்டார்.

"நல்லா வந்திருக்குல்ல? குடுங்க, அனுப்பிடுறேன்."

"இரு."

இடது கைக் கட்டைவிரலால் வீடியோவின் மூலையில் இருந்த ஒலிபெருக்கிக் குறியைத் தேடி அழுத்தினார். சத்தம் முழுவதும் நீங்கியதா என்று இன்னொரு தடவை காதில் வைத்துப் பார்த்துவிட்டு, தம்பிக்கு அனுப்பினார்.